ஆம்பூர் கடற்கரையில் ஓர் அம்பாசடர்

பாலாற்றங்கரை மண் பாதையின் ஓரத்தில், கால்களை நட்டு வைத்தது போல் ஊன்றி, இடுப்புக்கு மேலே மட்டும் திருகிக்கொண்டு நின்றிருந்தேன். கேமரா கண்ணோடு ஒட்டியிருந்தது. வெள்ளை அம்பாசடர் ஒன்று இடமிருந்து வலமாகப் போனது. அதோடு சேர்ந்து நானும் திரும்பினேன். கிளிக். கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு பின்பக்கமாகவே ஊர்ந்து, புறப்பட்ட இடத்துக்கு வந்தது. மறுபடி முன்னால் ஓடியது. மறுபடி திரும்பினேன்.

ஆடு மேய்க்க வந்த ஒருவர் ரொம்ப நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அருகே வந்து, "இடுப்பு புடிச்சிக்கினு இருக்குதா?" என்று அக்கறையோடு கேட்டார். படம் எடுக்கிறேன் என்றேன். அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓடறத ஏன் எடுக்கற? நிக்க சொல்லி எடேன்" என்றார்.

நியாயமான கேள்விதான். என்னிடம் பதிலும் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஆடுகள் வேலூர் போய்ச் சேர்ந்திருக்கும்.

சென்ற வாரம் அந்த ரஷ்ய கேமரா என் கைக்கு வந்த கதையைச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகும் இந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறீர்கள் என்றால், ஒன்று உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, அல்லது சலூனில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வெண்ணெய்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நான் ஏற்றுமதிப் பிரிவு குமாஸ்தா. தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்பு என்று பெயர். வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பும் மாதிரித் தோல்களைப் படம் பிடிப்பதும் என் வேலைகளில் ஒன்று. கேமரா வைத்திருந்ததால் அந்த வேலை வந்ததா, வேலைக்காகக் கேமரா வாங்கினேனா என்பது என் வீட்டில் இன்றும் தீராத வழக்கு.

பழைய பேப்பர் கடையில் ஒரு நாள் வெளிநாட்டுப் புகைப்படப் பத்திரிகை ஒன்று எடைக்குக் கிடைத்தது. நடுப்பக்கத்தில் ஒரு சிவப்புக் கார். காருக்குப் பின்னால் இருந்தது காடா, கட்டடமா, கல்யாண மண்டபமா தெரியாது. எல்லாம் உருகி, வெண்ணெய் போலக் குழைந்து கிடந்தது. கார் மட்டும் கத்தி மாதிரி நின்றது.

அந்தப் பக்கத்தைக் கிழித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். என் வயதுப் பையன்கள் அந்த இடத்தில் வேறு படங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதுவரை நான் பார்த்த கார் படங்கள் வேறு வகை. எங்கள் ஊரில் கார் வாங்கினால் அதற்கு மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மொத்தக் குடும்பமும் அதன் முன்னால் வரிசையாக நிற்கும். காரில் தெரிவது கூரையும் ஒரு கண்ணாடியும் மட்டும். பின்னால் இருக்கும் வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, வேடிக்கை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கும்.

சாமுவேலின் பிரச்சினை

காரை ஓட்டியவர் சாமுவேல். எங்கள் முதலாளியின் டிரைவர். முப்பதைத் தொட்டவர், ஒல்லி, அதிர்ந்து பேசாதவர். தோல் ஷாப்புக்குள்ளேயே இருந்த ஓர் அறையில் தனியாகத் தங்கியிருந்தார். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் சரி.

பெண் வீட்டாருக்கு ஆளைப் பிடிக்கும். படிப்பு, குணம், குடும்பம் எல்லாம் பிடிக்கும். எங்கே வேலை என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும். தோல் ஷாப்பு என்றதும் மூக்கு ஒரு பக்கம் ஒதுங்கும். காரைத்தானே ஓட்டுகிறார் என்று எடுத்துச் சொன்னாலும், ஒதுங்கிய மூக்கு திரும்பி வராது. இரண்டு சம்பந்தங்கள் அப்படிப் போய்விட்டன.

மூன்றாவதாக அணைக்கட்டுப் பக்கம் ஒரு பெண். பெயர் எஸ்தர். வேலூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு உதவியாளர். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். சபை உபதேசியார் இந்த வரனைக் கொண்டுவந்தார். அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை. "கம்பெனி டிரைவர்" என்று மட்டும் சொல்லியிருந்தார். எஸ்தரின் அம்மா, பையன் ஓட்டுகிற வண்டியோடு ஒரு போட்டோ கேட்டிருந்தார். வாலாஜாபேட்டையிலிருந்து மருந்துக்கடைப் பையன் ஒருவனின் போட்டோ ஏற்கெனவே அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றும் உபதேசியார் தகவல் சொன்னார்.

சாமுவேல் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், இதுவும் போச்சின்னா நான் இனிமே பொண்ணே பாக்க சொல்ல மாட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

வண்டியை வேலூர்க் கோட்டை முன்னால் நிறுத்தி எடுத்துவிடலாமே என்றேன். நடக்காது. சனிக்கிழமை சாயங்காலமும் திங்கட்கிழமை காலையும் காரின் கிலோமீட்டரை வாட்ச்மேன் கரீம் பாய் குறித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவ ஆற்றங்கரை வரை போக அனுமதி உண்டு. அவ்வளவுதான்.

ஆற்றங்கரைப் பாதையில் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் நாங்கள்தான். ஒரு பக்கம் மதில் சுவர், அதில் கம்பெனியின் பெயர் ஆள் உயர எழுத்தில். இன்னொரு பக்கம் கம்புகளில் காயும் தோல்களும், அவற்றை ஒட்டி உப்புக் குவியலும். மூன்றாவது பக்கம் ஆற்றுக்குப் போகும் வாய்க்கால். அதைப் பற்றி வாரப் பத்திரிகையில் எழுதுவது நாகரிகமில்லை.

"சார், நீங்க ஒரு படம் ஒட்டி வச்சிருக்கீங்களே, பின்னாடி ஒண்ணுமே தெரியாம. அந்த மாதிரி பண்ணிட்டா?"

இதற்காகத்தானே பிறந்தேன் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. இடுப்பு வலி பற்றி அப்போது எனக்குத் தெரியாது.

கதவுக் கைப்பிடி

பத்திரிகை சொன்ன வழி எளிது. லென்ஸின் கண்ணை முழுக்கத் திறக்க வேண்டும். பொருளுக்குப் பக்கத்தில் போக வேண்டும். பின்னணி தூரத்தில் இருக்க வேண்டும். பின்னால் உள்ளது தானாகக் கலங்கிவிடும்.

அந்தப் பத்திரிகையை எழுதியவர் வேலூர் ஜில்லா வெயிலைப் பார்த்ததில்லை. முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து உச்சி வெயிலில் போய் எடுத்தோம். கண்ணை முழுக்கத் திறந்த லென்ஸ் வழியே மொத்த வெயிலும் உள்ளே புகுந்துவிட்டது. ஷட்டர் எவ்வளவு வேகமாக மூடினாலும் போதவில்லை. படத்தில் வெள்ளைக் கார், வெள்ளை ஆறு, வெள்ளை சாமுவேல்.

இரண்டாவது ஞாயிறு, பொழுது சாயும் நேரம். வெளிச்சம் கம்மி. பக்கத்தில் போனேன். பின்னணி உண்மையிலேயே உருகியது. கூடவே காரும் உருகியது. நான் குறி வைத்த கதவுக் கைப்பிடி மட்டும் பளிச்சென்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஏதோ வெள்ளையாக ஆவி. கார் என்பது முகம் மாதிரி இல்லை, நீளமான பண்டம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பின்னால் தள்ளி நின்று முழுக் காரையும் எடுத்தால் கார் தெளிவாக இருந்தது. சுவரில் கம்பெனி பெயரும் தெளிவாக இருந்தது, கண்ணாடி போடாதவர்கள் கூட வாசிக்கிற அளவுக்கு.

உபதேசியார் வந்து, மருந்துக்கடைப் பையன் வீட்டிலிருந்து பெரியவர்கள் அணைக்கட்டுக்குப் போய்வந்ததாகச் சொன்னார். சாமுவேல் துணியை எடுத்தார். காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

ரிவர்ஸ் கியர்

பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வழி இருந்தது. கார் ஓட வேண்டும். ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக வைத்துக்கொண்டு, காரின் வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கொண்டு போக வேண்டும். கேமராவுக்குக் கார் நின்றது போல இருக்கும், பின்னால் உள்ள உலகம்தான் ஓடும். ஓடுகிற உலகம் கோடு கோடாக இழுபட்டுவிடும். இதற்கு வெயிலும் தடையில்லை, லென்ஸின் கண்ணைச் சுருக்கிக்கொள்ளலாம்.

அப்படித்தான் மூன்றாவது ஞாயிறு, நான் இடுப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். பின்னணிக்குத் தோல் காயும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே எழுத்து எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். குரோம் போட்டு எடுத்த தோலுக்கு வெட் ப்ளூ என்று பெயர், வெளிறின நீல நிறம். வரிசையாகத் தொங்கும்போது பார்க்க நன்றாகவே இருக்கும். வருஷக்கணக்கில் அதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கண்ணுக்கு அது வெறும் நீலம்.

கிலோமீட்டருக்கு சாமுவேல் ஒரு வழி வைத்திருந்தார். முன்னால் போன தூரம் அத்தனையும் ரிவர்ஸில் திரும்பி வந்தால் மீட்டரும் பின்னால் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. போனதா என்று நான் பார்க்கவில்லை. நம்பிக்கையில் ஒருவர் இருக்கும்போது மீட்டரை எட்டிப் பார்ப்பது அநாகரிகம்.

கரீம் பாய் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"இன்னா சாமுவேலு, வண்டி போவுது, வருது, போவுது, வருது. பொண்ணு வூட்லயும் இப்டிதான் ரிவர்ஸ்ல போய் நிப்பியா?"

"பாய், பேஜார் பண்ணாத பாய். அப்பறம் கை ஆடும்."

"உன் கை ஆடினா பரவால்ல. அவுரு இடுப்பு ஆடுது பாரு."

சாமுவேலுக்கு நான் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று. ஒரே வேகம், நேராகப் பார்வை, கேமராவைப் பார்க்கக் கூடாது. தமிழனிடம் போட்டோ எடுக்கும்போது கேமராவைப் பார்க்காதே என்பது, சாப்பாட்டுப் பந்தியில் இலையைப் பார்க்காதே என்பது மாதிரி. தலையை ஆட்டினார். காலையிலிருந்து ஒரு புன்னகையைப் பழகி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

பிரிண்ட் போடாத உபகாரம்

ஃபிலிமை வேலூரில் கலர் லேபில் கொடுத்தேன். வாங்கப் போனபோது கவரில் ஒரே ஒரு பிரிண்ட் இருந்தது. ஆடுகள். ஃபிலிம் சுற்றும்போது தவறி விழுந்த படம், அபாரத் தெளிவு.

மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டேன். லேப்காரர் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் ஷேக் ஆயிருக்கு சார். பிரிண்ட் போடல. உங்களுக்கு ஏன் நஷ்டம்?" என்றார். வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தேன் என்றதும், வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேனா என்பது போல என்னைப் பார்த்தார்.

கெஞ்சி எல்லாவற்றையும் போடச் செய்தேன். பெரும்பாலானவை அவர் சொன்னபடியே நடுக்கம். ஒன்று மட்டும் விழுந்திருந்தது.

என்ன சொல்வது. வெள்ளைக் கார் கத்தி மாதிரி நின்றது. சக்கரங்கள் சுழன்றன. தோல், உப்பு, கம்பு எதுவும் இல்லை. பின்னால் நீளமாக, வழவழவென்று நீலம். நீலத்தின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு. அலமாரிக் கதவில் இருக்கும் வெளிநாட்டுக்காரன் வந்து என் கையைக் குலுக்கியிருக்க வேண்டிய படம்.

ஒரு சின்னக் குறை. அந்த ஒரு நொடியில் சாமுவேல் கேமராவைத் திரும்பிப் பார்த்திருந்தார். கார் நின்றது, தலை நகர்ந்துவிட்டது. ஜன்னலில் சட்டை இருந்தது. சட்டைக்கு மேலே, பழுப்பாக, பல் வெள்ளையாக, கரைந்த ஏதோ ஒன்று.

சாமுவேல் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூஞ்சி கெடக்குது சார். வண்டிய பாருங்க."

நானும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போட்டோவில் மாப்பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

உபதேசியார் வருகிற வரை ஒரு வாரம் அந்தப் படத்தை சாமுவேல் காரின் டேஷ்போர்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். மாதிரித் தோல்களின் கட்டும் அதே இடத்தில்தான் இருக்கும்.

அணைக்கட்டில் ஒரு மோப்பம்

பெண் வீட்டில் சரி என்று சொல்வதற்குமுன் மாப்பிள்ளை போகக் கூடாது. எனவே உபதேசியாரோடு, மாப்பிள்ளையின் நண்பன் என்ற முறையில் நான் போனேன். வேலூரில் பஸ் மாறி, அணைக்கட்டில் இறங்கி, நெல் வயல் ஓரமாக நடந்தோம். எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம். கண்காட்சிக்குப் போகிற கலைஞனின் நடை அது.

எஸ்தரின் அம்மா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எந்த ஊரு கடல்?"

உபதேசியார் பொய் சொல்ல மாட்டார். என்னைப் பார்த்தார். நான் மெதுவான ஷட்டரைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். நீலம் கடலாகவும், உப்புக் குவியல் அலை நுரையாகவும் தெரிவது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உப்பு என்னவோ உண்மையான உப்பு.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விடைத்தாள் திருத்திய கண். "கார் நல்லா இருக்குது. பையன் எங்க?" என்றார். ஜன்னலைக் காட்டினேன். அவர் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், அப்புறம் கிட்டே கொண்டுவந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

மருந்துக்கடைப் பையனின் போட்டோ அலமாரியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஸ்டூடியோ படம். அவனுடைய ஒவ்வொரு மீசை முடியும் எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. சாமுவேலின் கடைசிப் பெண் பார்க்கும் படலத்தை ஒரு கதவுக்கும் இரண்டு சக்கரத்துக்குமாக நான் கொடுத்துவிட்டேன்.

எஸ்தர் டீ கொண்டுவந்து வைத்தார். அம்மா கையிலிருந்த படத்தை வாங்கினார். பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். படத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆம்பூரு" என்றார்.

உபதேசியார் டீயை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"எங்க வார்டுக்கு அங்கேர்ந்து வர்றவங்க சட்டையெல்லாம் இந்த வாசனதான்மா. இந்த நீலம் கூட தெரியும். கையில ஒட்டிக்கினு வருவாங்க, லேசுல போவாது."

எங்கள் கண் ஒரு மாதமாகப் படாத பாடு பட்டு எல்லாவற்றையும் மறைத்திருந்தது. மூக்கைப் பற்றி நாங்கள் யோசிக்கவேயில்லை. யோசித்திருக்கவும் முடியாது. அந்த வாசனை எங்களுக்கு எட்டி வருஷங்கள் ஆகியிருந்தன.

"அப்ப தோல் ஷாப்பா?" என்றார் அம்மா. கேள்வி உபதேசியாருக்கு. அவர் தலை மெல்ல ஆடியது.

"இருக்கட்டும்மா" என்றார் எஸ்தர். "அதுவா முக்கியம்? ஆளு மூஞ்சியே தெரியல, அத கேளு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணா, வண்டி நல்லாதான் இருக்குது. நான் வண்டியவா கட்டிக்கப் போறேன்? அவர நிக்க வச்சி ஒண்ணு எடுத்துட்டு வாங்க. பின்னாடி இன்னா இருந்தாலும் தெரியட்டும்."

ஆடு மேய்த்தவர் இலவசமாகச் சொன்னதும் இதேதான்.

எல்லாம் தெரிந்த படம்

அடுத்த ஞாயிறு லென்ஸின் கண்ணை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினேன். அப்படிச் சுருக்கினால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுபோலத் தெளிவாக விழும். சாமுவேல் காரின் முன்னால் நின்றார், டிரைவிங் லைசென்ஸுக்கு நிற்பது போல விறைப்பாக. பழகி வைத்த புன்னகை அன்று வரவில்லை. பின்னால் கம்பெனி பெயர், எழுத்து பிசகாமல். தோல் வரிசை. உப்பு. நாற்காலியில் டீ கிளாஸோடு கரீம் பாய், நகர மறுத்துவிட்டார்.

கலையம்சம் என்று எதுவும் இல்லாத படம். லேப்காரர் மட்டும் பாராட்டினார். "இப்ப கை நின்னுடுச்சி சார்" என்றார்.

எஸ்தரின் அம்மா அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு சில வாரங்கள் பதில் சொல்லவில்லை. தினமும் ஒருமுறை எடுத்துப் பார்த்தாராம். கடைசியில் உபதேசியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பினார். சட்டைக் கை மடிப்பு இவ்வளவு நேராக இருக்கிறதே, தனியாக இருக்கிற பையனுக்கு யார் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார்கள்?

அவரே போட்டுக்கொள்கிறார் என்று பதில் போனது. மருந்துக்கடைப் பையனின் போட்டோ வாலாஜாபேட்டைக்குத் திரும்பியது.

பத்து வருஷம் கழித்து சாமுவேல் சொந்தமாக ஒரு கார் வாங்கினார். வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்கும் வண்டி. அதற்குள் என்னிடம் டிஜிட்டல் கேமராவும், ஊரையே கரைத்துக் குடிக்கிற ஒரு லென்ஸும் வந்திருந்தன. முதல் படம் நான்தான் எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஆம்பூரில், அதே ஆற்றங்கரையில். சாமுவேல் அங்கேதான் நிற்பேன் என்றாராம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாலை போட்ட கார். முன்னால் சாமுவேல், எஸ்தர், இரண்டு பெண் குழந்தைகள். பின்னால் தூரத்தில் நீலம் தொங்கியது, அதை ஒட்டி அவர்கள் குடியிருக்கும் வீடு. வெளிச்சம், தூரம், லென்ஸ் மூன்றும் சேர்ந்து வந்த நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். கை தானாக லென்ஸின் கண்ணை முழுக்கத் திறந்தது.

எஸ்தர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கலக்கிடாதீங்க. எங்க வூடு தெரியணும் பின்னாடி."

சுருக்கினேன்.